வெயிலில் வெந்த தோலும் வேலை கொள்வோர் கடமையும்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் நெற்சாகுபடி செய்வோருக்கு ஆண்டில் மிகவும் நெருக்கடியான காலம் சித்திரையும் வைகாசியுமே. நவரைப் பயிர் அறுவடைக்கு வருவதும், சொர்ணவாரிக்கு நாற்றுவிட்டுச் சேடை கூட்டி நடவு தொடங்குவதும் ஏறக்குறைய அதே வாரங்களில் நேர்கின்றன. சித்திரை 21ஆம் தேதி வாக்கில் தொடங்கி வைகாசி நடுவரை நிற்கும் கத்திரி வெயிலும் அப்போதுதான். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் உஷ்ணமானி 45 டிகிரி சென்டிகிரேடு காட்டியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். தாம்பரம் தொட்டுக் கூடுவாஞ்சேரி வரையில் நன்செய்களிற் பெரும்பகுதி வீட்டுமனைகளாய் மாறிவிட்டது மெய்யே. ஆயினும் மணிமங்கலம், படப்பை முதலான ஊர்களின் ஏரிப்பாசன வயல்களில் இன்னும் ஏர் ஓடுகிறது. நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும் இன்னும் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நடைபெறுகின்றன.

இக்காலத்தில் கழுத்துப் பின்புறமும் தோளும் முதுகும் வெந்து கொப்புளம் கண்ட வேலையாட்களை எந்த ஊரிலும் காணலாம். அதை ஒரு நோயாக எண்ணுவார் சிலரே. ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கணக்கில் ஏறுவதுமில்லை. இரவெல்லாம் குப்புறப் படுத்துக் கிடந்தவர் மறுநாட் காலையில் மறுபடியும் அதே வயலில் இறங்குகிறார். வெந்த தோல் தானே ஆறும் இயல்புடையது. அதற்கு வேண்டும் பண்டங்களோ தண்ணீர், நிழல், சுத்தமான துணி, சில நாள் ஓய்வு இவ்வளவே. இவற்றுள் முதல் மூன்றும் வேலையாளின் வீட்டிலேயே உள்ளன. நான்காவது அவர் கையில் இல்லை. வேலை கொள்வோர் கையில் இருக்கிறது. ஆகவே இது வைத்தியர் ஒருவரை மட்டும் பொறுத்த விஷயமன்று; நிலமுடையோரையும் கிராம அதிகாரிகளையும் பொறுத்த விஷயம்.

முதலில் ஒரு தவறான எண்ணம் நீங்கவேண்டும். தோலை வேகச் செய்வது வெயிலின் உஷ்ணமன்று. சூரிய ஒளியில் ஊதா நிறத்துக்கு அப்பாற்பட்டுக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உள. புற ஊதாக் கதிர்கள் என்று அவை பெயர் பெறும். தோலின் மேலடுக்கிலுள்ள உயிரணுக்களைக் கெடுப்பவை அவையே. காற்று குளிர்ந்திருந்தாலும் அவற்றின் வேகம் குறைவதில்லை. மெல்லிய மேகத்தையும் அவை ஊடுருவும். நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து உடல் குளிர்ந்தவுடன், 'வெயில் தணிந்தது' என்று மேலாடையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர் அன்றிரவே அதன் பயனை அறிவார். மேலும், சூரியன் இப்பிரதேசத்தின் உச்சிக்கு நேரே வருவது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்டு மாத நடுவிற்குப் பின் ஒரு தடவை. முந்தியது கத்திரிக்கு முன்பே வந்துவிடுகிறது. பிந்தியது, உஷ்ணம் தணிந்துவிட்டதென்று எல்லோரும் எண்ணியிருக்கும் சொர்ணவாரி அறுவடைக் காலத்தில் வருகிறது. ஆதலால் உஷ்ணமானியைப் பார்த்து எச்சரிக்கை கொள்வது போதாது. வயலில் நிற்பவருக்கு எளிய அளவுகோல் அவருடைய நிழலே. நிழல் தம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வரையில் கதிர் கடுமையானது. இக்கோடையில் அது காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணி கடந்தும் நீடிக்கிறது.

கறுத்த மேனியை வெயில் என்ன செய்யும் என்று கேட்போரும் உண்டு. கருநிறம் ஒரு கவசமே. வெள்ளை நிறத்தார் அரைமணி நேரத்தில் வெந்துபோகும் வெயிலில் நம்மவர் நெடுநேரம் நிற்க முடிவது அதனால்தான். ஆனால் அக்கவசத்திற்கு எல்லை உண்டு. நாற்று நடுகிறவர் காலை முதல் மாலை வரையில் குனிந்த முதுகை வானத்துக்குக் காட்டி நிற்கையில் அவ்வெல்லை கடந்துபோகிறது. கறுத்த தோலில் சிவப்புத் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள மோசம். நூல்களில் எழுதியுள்ளபடி சிவப்பைத் தேடுகிறவர் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார். புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும்: அண்டையிலுள்ள தோலைவிடச் சூடாயிருத்தல், தொட்டால் எரிதல், இழுத்துப் பிடித்தாற்போல் இறுகுதல், வழக்கத்தைவிடக் கறுத்து மினுமினுத்தல் ஆகியவையே அடையாளங்கள். உடலில் வெண்படை உள்ளவர்களுக்கு அந்த இடங்களில் கவசம் ஏதுமில்லை. பிறவியிலேயே நிறமற்ற மேனியுடையோருக்கு எங்குமே இல்லை. இவர்களைக் கோடையில் நடுப்பகல் வேலைக்கு அழைப்பது கொடுமை.

வெயிற்புண் தன் போக்கை மெள்ளக் காட்டுவது. வயலைவிட்டுக் கரையேறும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சமடைகிறது. கடுமையாய் வெந்திருந்தால் அதற்குள்ளாகவோ மறுநாளோ நீர்க்கொப்புளம் எழும். நான்காம் நாள் தொடங்கித் தோல் உரியும். கொப்புளம் இல்லாதவை ஒரு வாரத்தில் அடங்கும். கொப்புளம் கண்டவை ஆற இரண்டு மூன்று வாரமாகும். மேலடுக்கின் அடியில் மயிர்க்கால்களைச் சுற்றியும் கீழ்வரிசையிலும் சேதமுறாமல் தங்கிய உயிரணுக்கள் பெருகிப் பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்து புதுத்தோலை உண்டாக்குகின்றன. எந்தத் தைலமும் அவ்வேலையைச் செய்வதில்லை. செய்ய விடாமற் கெடுக்கக்கூடிய தைலங்களோ அநேகம்.

ஆகவே வீட்டுச் சிகிச்சை என்பது பெரும்பாலும் தடைகளை நீக்குவதே. எரிச்சல் தெரிந்தவுடன் வெயிலைவிட்டு நீங்கி, குளிர்ந்த கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் போர்த்தி வைப்பதும், சற்று இடைவெளி விட்டு மீண்டும் அவ்வாறே செய்வதும் முதற்காரியம். பனிக்கட்டியை நேரே வைக்கலாகாது; மரத்துப்போன தோல் மேலும் கெடும். குளிக்கலாம், சிகைக்காயும் முரட்டுச் சோப்பும் தேய்க்கும் நாரும் வேண்டா. வெந்த தோல் உடலின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் நிறையப் பருகவேண்டும். நீர்மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் யாவும் நன்று. வியர்த்துக் களைத்தவருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறும் உப்பு அரையும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுப்பது இன்னும் நன்று. கள்ளும் சாராயமும் நீரைக் குறைப்பவை. வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை போதும். நீர் வற்றிய உடலில் மற்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடுமாதலால் வைத்தியரைக் கேளாமல் அவற்றை விழுங்கலாகாது.

சோற்றுக்கற்றாழையைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டந்தோறும் இருப்பதும், எரிச்சலைத் தணிப்பதும் மெய். ஆனால் மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் நிறக் கசப்புப் பால் தோலை அரிக்கும். மடலைச் சாய்த்து நிறுத்தி அதனை வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை அலசிய பிறகே பூசவேண்டும். கொப்புளம் உடைந்த இடத்தில் அதுவும் கூடாது. தோட்டத்து மண்ணிலுள்ள கிருமி அதன் வழியே புகும். தேங்காயெண்ணெயைச் சூடு முற்றும் தணிந்து தோல் உரியும் நாட்களில் மெல்லத் தடவலாம். வெந்த அன்றே எண்ணெயும் வெண்ணெயும் பூசுவது உள்ளிருக்கும் சூட்டை மூடி வைப்பதாகும்.

இனி, செய்யலாகாதவை. பற்பசை, பேனா மை, சாம்பல், கோதுமை மாவு, முட்டை வெண்கரு ஆகியவை வெந்த புண்ணுக்கு ஊர்தோறும் பூசப்படுகின்றன. இவை ஒட்டிக்கொண்டு புண்ணை மறைப்பதால், பின்னால் வைத்தியர் அவற்றைச் சுரண்டி எடுக்கவேண்டி வருகிறது. அப்போது புதுத்தோலும் கூடவே போகிறது. மஞ்சளும் அத்தகையதே. அதன் நிறத்தினால் சீழ் வைத்ததா இல்லையா என்பதே தெரியாமற்போகும். மோர் குடிக்கத் தக்கது, கொப்புளத்தின்மேல் ஊற்றத் தக்கதன்று. கொப்புளத்தைக் குத்தி உடைப்பவர் அதன் அடியில் ஆறிவரும் பச்சைத் தோலுக்கு இயற்கை அளித்த சுத்தமான மூடியைத் தாமே கிழிக்கிறார். தானே உடைந்துவிட்டால் சுத்தமான நீராலும் மெல்லிய சோப்பாலும் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவி, ஒட்டாத சுத்தத் துணியால் மூடவேண்டும். உரியும் தோலைப் பிய்த்திழுக்கலாகாது. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள் இக்காலத்தில் மலிந்துவிட்டன. அரிப்புக்கும் படைக்கும் வாங்கியது வீட்டில் இருக்கிறதென்று வெயிற்புண்ணுக்கும் தடவுவது தோலை மெலியச் செய்து கிருமிக்கு இடம் கொடுப்பதாகும்.

எலுமிச்சம்பழத்தைத் தனியே குறிப்பிடவேண்டும். வெயிலில் கறுத்த தோலை வெளுக்கச் செய்யும் என்று அதன் சாற்றைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் பெண்மக்களிடையே பரவியுள்ளது. அச்சாற்றிலுள்ள ஒரு பொருள் தோலில் இருக்கையில் வெயில் பட்டால், வெயில் மட்டும் செய்யாத அளவுக்குத் தோலை வேகச் செய்யும். கொப்புளமும், பின் மாதக்கணக்கில் நிற்கும் கரும்பட்டையும் உண்டாகும். எலுமிச்சைத் தோட்டமுடையோர் பழம் பறித்த கையைக் கழுவாமல் வெயிலில் நிற்கலாகாது. இதே குணம் வெண்படைக்கு வழங்கும் கார்போகரிசிக்கும் உண்டு. அதனைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கும் நேரம் தேர்ந்த வைத்தியர் குறிக்கவேண்டியது. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அண்டையிலேயே இருக்க, நாட்டுமருந்துக் கடையில் கேட்டுத் தாமே பூசிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. எலிக்காய்ச்சலைத் தடுக்கச் சேற்றில் வேலை செய்வோருக்கு வைத்தியர்கள் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் என்னும் மாத்திரையும் தோலை வெயிலுக்கு இளகச் செய்வது. மாத்திரையை விடவேண்டுவதில்லை, அது உண்ணும் நாட்களில் உடம்பை மூடிக்கொள்ளவேண்டும்.

பார்த்தீனியம் என்னும் களை 1950களின் நடுவில் புனேப் பக்கத்திற் கண்டறியப்பட்டு இந்நாடெங்கும் பரவியது. தாம்பரத்தைச் சுற்றிலும் பயிரிடாது விட்ட மனைகளெல்லாம் அதன் இருப்பிடமே. அதனைக் கையால் பிடுங்குவோருக்கு முகத்திலும் கழுத்திலும் முழங்கையிலும் தோன்றும் தடிப்பும் அரிப்பும் வெயிலில் மேலும் கூடுவதால், வெயிற்புண் என்றே பலர் கருதிவிடுகின்றனர். எரிச்சலைவிட அரிப்பு மிகுந்து, ஆடை மூடிய இடத்திலும் பரவி, வாரம் கடந்தும் நிற்குமாயின் அது களையின் வேலை. அதற்குச் சிகிச்சை வேறு.

நிலமுடையோர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இனி வருவது. வெந்து உரிந்த தோல் வேலியற்ற வயலைப் போன்றது. சாதாரணமாகப் பூச்சிமருந்து தெளிக்கிறவர் தோலில் படும் விஷத்திற் பெரும்பகுதியை நல்ல தோல் வெளியே நிறுத்திவிடுகிறது. தோலுரிந்த தோளில் தெளிப்பான் வாரை மாட்டி, கசியும் கலத்தைச் சுமந்து செல்கிறவருக்கு அந்தத் தடையில்லை. விஷம் மிகுதியாய் இரத்தத்தில் சேரும். வெயிற்புண் ஆறாத எவரையும் தெளிப்பு வேலைக்கு விடலாகாது. அவர் தாமே முன்வந்தாலும் விடலாகாது. கால் வெந்து தோலறுந்தவர் எலி நடமாடும் சேற்றில் இறங்குவதும் அதே போல் அபாயமானது. எலிக்காய்ச்சல் கிருமி புகும் வாயில் அறுந்த தோலே. நீரிழிவுள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதால் கொப்புளம் கண்டதே தெரியாமல் புண் உள்ளே இறங்கிவிடும்.

எப்போது வீட்டுச் சிகிச்சையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? முகத்திலோ உடலின் பெரும்பகுதியிலோ கொப்புளம் கண்டால், கைக்குழந்தையோ முதியவரோ வெந்திருந்தால், குளிர்காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால், இரண்டு மூன்று நாளுக்குப் பின்னும் வலி ஏறிக்கொண்டே சீழும் நாற்றமும் தோன்றினால் தாமதிக்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையமே முதற்படி. வேண்டின் அங்கிருந்து குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, கீழ்ப்பாக்கத்துத் தீக்காயப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். தோல் அறுந்த புண்ணுக்கு வில்வாத ஜன்னி ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்றும் கேட்கவேண்டும். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், நினைவு தவறுதல் ஆகியவை தோலைப் பற்றியவை அல்ல, அது வெப்பத்தாக்கு. அப்போது 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரையில் நிழலிற் கிடத்தி உடல் முழுதும் நீரூற்றி விசிறவேண்டும்.

இவ்வளவும் வேலையாளின் குடும்பத்தார் செய்வர். ஓய்வை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவது? நாட்கூலியால் உண்பவர், தோல் வெந்ததென்று ஒரு வாரம் வீட்டிலிருக்க இயலாது. இருந்தால் கூலி போம். அடுத்த வாரம் வேறொருவர் அந்த இடத்தில் இருப்பார். அதனாலேயே மறுநாளே வயலில் இறங்குகிறார். முதல் நாள் வெந்த தோலை இரண்டாம் நாள் வெயில் மேலும் ஆழமாய்க் கெடுக்கிறது; ஏழு நாளில் ஆறவேண்டியது இருபது நாள் நீள்கிறது. நிலமுடையோருக்கும் இதில் இலாபமில்லை. தோளில் துணி படப் பொறாதவர் செய்யும் வேலையின் அளவை எந்தக் குடியானவரும் அறிவார்.

ஏரி மடை முறைக்குத் திறக்கிறது, ஆள் கிடைப்பது அரிது, நாற்று முற்றிவிடும், இந்நிலையில் ஓய்வு கொடுப்பது எங்ஙனம் என்று நிலமுடையோர் கேட்பது நியாயமே. அவர்களிற் பலர் ஓரிரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு தாமே வெயிலில் நிற்பவர்கள். ஆயினும் ஓய்வென்பது சும்மா இருத்தலன்று. வெயிலினின்று விலகியிருத்தலே போதும். சொர்ணவாரிப் பருவத்தில் நிழலிற் செய்யத்தக்க வேலைக்குப் பஞ்சமில்லை. விதையைத் தூற்றி உப்புநீரிலிட்டுப் பதர் நீக்குதல், விதைநேர்த்தி செய்தல், நவரை நெல்லைக் களஞ்சியத்தில் அடுக்குதல், சாக்குத் தைத்தல், மணிலாக்கொட்டை உடைத்தல், கொட்டில் செப்பனிடுதல் ஆகியவற்றை வெந்த ஆளுக்கு ஒதுக்கி, நல்ல உடம்புள்ளவரை வயலுக்கு அனுப்பலாம். முழுக்கூலி கொடுத்து நான்கைந்து நாள் இவ்விதம் வைத்துக்கொள்வது தர்மத்துக்காகச் செய்வதன்று. தேர்ந்த ஆளைக் கத்திரி முழுதும் இழக்காமலிருக்கச் செய்வது. நாற்றுப் பறித்தலையும் நடவையும் விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்தி, மீதியை மூன்றரைக்குப் பின் வைத்துக்கொண்டால் வெந்த ஆட்களின் தொகையே குறையும். மாட்டுக்கு நடுப்பகலில் நுகத்தடி இறக்கிய வழக்கம் இந்நாட்டில் இருந்ததே; மனிதர் விஷயத்தில் மட்டும் ஏன் தயக்கம் என்பது விளங்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரே, 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய ஆரோக்கிய நிலையத்தால் வந்தது. அதே காலத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மலையூர் ஒன்றில் ரோலியே என்னும் வைத்தியர் எலும்புக் காசநோய்க்கு வெயிலையே மருந்தாகக் கொடுத்து வந்தார். முதல் நாள் பாதங்களில் மட்டும் சில நிமிஷம். பின் நாளுக்கு நாள் சற்றே கூட்டி, சற்றே மேலேற்றி. வெயில் நல்லதென்று சொல்லுகிறவர்கள் அந்த அளவையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடவு வயலில் அதனைக் குறிப்பவர் எவரும் இல்லை.

கிராம அதிகாரிகளின் பங்கும் சிறிதன்று. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவிப் பெட்டியும் இருக்கவேண்டுமென்று விதித்தது. ஏரி தூர்வாரும் தலங்களில் பெட்டி இருந்த இடத்தில் பஞ்சும் டிங்சரும் மட்டுமே இருக்கக் காணலாம். நிழல் என்பது அவரவர் அண்டையிலுள்ள வேலிக்காத்தானாகவே முடிந்தது. எந்தச் சட்டத்தின்கீழ் வேலை நடப்பினும், ஓலைப் பந்தலும் மூடிய குடிநீர்ப் பானையும் ஊராட்சியின் சக்திக்கு மீறியவை அல்ல. பெட்டியில் பெட்ரோலியம் ஜெல்லி, ஒட்டாத சுத்தத் துணி, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், பாராசிட்டமால் ஆகியவை இருக்கவேண்டும். 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகையும் குறித்தது. இறந்த பின் கொடுப்பதற்கு ஏற்பாடு இருக்கையில், முதுகு வெந்தவரின் பெயரை வருகைப் பட்டியலிலிருந்து நீக்காமல் நிழல் வேலைக்கு மாற்றி எழுதுவது கிராம அதிகாரிக்குப் பெரிய காரியமன்று.

உடையைப் பொறுத்தவரையில் நடவுப் பெண்களே வழிகாட்டிகள். சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக் கழுத்து மறைய விடுகிறார்களே, அதனைச் சிலர் நகைப்பதுண்டு. நெருங்க நெய்த அச்சட்டை வெற்று முதுகோடு நிற்கும் ஆண்களின் கறுப்பைவிடச் சிறந்த காவல். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் கதிரைப் பெரிதும் உள்ளே விடும். சற்றே தடித்த, நிறமுள்ள பருத்தியே நலம். ஆறின பிறகும் புதுத்தோல் மூன்று நான்கு வாரம் மூடியே இருக்கவேண்டும். அவ்விடம் சுற்றுமுள்ள தோலைவிடக் கறுத்தோ வெளுத்தோ நிற்பதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. நிறம் சமமாகச் சில மாதங்கள் செல்லும், சொர்ணவாரி அறுத்துச் சம்பா நட்ட பின்னும் சிலருக்கு அது தெரிந்துகொண்டிருக்கும்.